வாளியா, நாற்காலியா, ஈரத் துணியா: முதியோரைக் குளிப்பாட்ட எது சரி?

இல்லத்தில் சேர்க்க வரும் பிள்ளைகள் அறையைப் பார்ப்பார்கள், சாப்பாட்டைப் பற்றி விசாரிப்பார்கள், அப்புறம் தவறாமல் ஒன்று கேட்பார்கள்: "தினமும் குளிப்பாட்டி விடுவீங்களா?" கூழானாலும் குளித்துக் குடி என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். குளிக்காமல் அடுப்படிக்குள் போகாத அம்மாவும், குளித்துத் திருநீறு பூசாமல் காபியைத் தொடாத அப்பாவும் வேற்றிடத்தில் அழுக்காகக் கிடந்துவிடக் கூடாதே என்ற பயம் அந்தக் கேள்வியில் இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் நான் அவர்களிடம் சொல்வது, "எத்தனை நாள்னு கேக்கறதுக்கு முன்னாடி எப்படிக் குளிப்பாட்டுவீங்கன்னு கேளுங்க" என்பதுதான்.

கோவைக்குப் பக்கத்தில் 30 பேர் தங்கியிருக்கும் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். முதல் 7 வருடம் பராமரிப்பாளராக இருந்தேன், இப்போது பொறுப்பாளர். குளிப்பாட்டுவதில் எங்களுக்கு முன்னால் நான்கைந்து வழிகள் இருக்கின்றன. வாளியும் சொம்பும், நாற்காலியும் கைஷவரும், படுக்கையிலேயே துடைப்பது, வெந்நீரில் நனைத்த பெரிய துண்டால் போர்த்திக் கழுவும் டவல் பாத், கடையில் கிடைக்கும் ஈரத் துடைப்பான்கள். இதில் ஒன்றை மொத்த இல்லத்துக்கும் விதியாக வைத்துக்கொண்டால் வேலை சுலபமாகத்தான் இருக்கும். நாங்களும் சில காலம் அப்படிச் செய்தோம். அப்படிச் செய்ததில் யார் கஷ்டப்பட்டார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வாளியும் சொம்பும்

நம் ஊர் முதியவர்களுக்குக் குளியல் என்றால் இதுதான். ஷவருக்குக் கீழே நின்று குளித்தவர்கள் மிகவும் குறைவு. கிணற்றடியிலும் வாய்க்காலிலும் அண்டாத் தண்ணீரிலும் குளித்த உடம்புகள் இவை. சொம்பைக் கையில் கொடுத்தால் கை தானாகத் தோளுக்கு மேலே போகும். பெற்ற பிள்ளையின் பெயர் மறந்துபோன ஒரு பாட்டிக்கு இடது தோளில் ஒரு சொம்பு, வலது தோளில் ஒரு சொம்பு, அப்புறம் நெஞ்சில் என்ற வரிசை மட்டும் மறக்கவே இல்லை. கடைசி வருடம்வரை அப்படியே ஊற்றிக்கொண்டார். எந்தத் தண்ணீரை எப்போது எங்கே ஊற்றுவது என்பதை அவரே முடிவு செய்ததால் அவருக்குப் பயம் வரவில்லை. வாளிக் குளியலின் பெரிய பலம் அதுதான்.

பலவீனம் உட்காரும் இடத்தில் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளிலும் சில இல்லங்களிலும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத்தான் போட்டு உட்கார வைக்கிறார்கள். சோப்புத் தண்ணீர் பட்ட தரையில் அதன் கால்கள் வழுக்கும். பிடித்து எழக் கைப்பிடி இல்லை, சாய முதுகு இல்லை. உயரமும் குறைவு, முழங்கால் தேய்ந்தவர் அதிலிருந்து எழும்போது முன்னால் குப்புறச் சாய்வார். வாளி தரையில் இருப்பதால் ஒவ்வொரு சொம்புக்கும் குனிய வேண்டும். குனிந்து நிமிரும்போது தலைசுற்றல் வரும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது இன்னும் அதிகம்.

இன்னொரு ஆபத்து, வெந்நீரைக் கலக்கும் விதம். ஹீட்டர் ராடு போட்டுக் கொதிக்கவிட்ட வாளியைக் குளியலறைக்குள் வைத்துப் பச்சைத் தண்ணீரை அங்கேயே கலப்பார்கள். 60 டிகிரி வெந்நீர் சில விநாடிகளிலேயே முதிய தோலைப் பொசுக்கிவிடும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர் சுடுகிறது என்று சொல்லவும் மாட்டார். எங்கள் இல்லத்தில் வெளியிலேயே கலந்து, முழங்கையை விட்டுப் பார்த்து, 37 முதல் 40 டிகிரிக்குள் இருந்தால்தான் வாளி உள்ளே போகும். ஒரு சாதாரண நீர் வெப்பமானி வாங்கி ஆணியில் மாட்டியிருக்கிறோம். பிரிட்டனில் பராமரிப்பு இல்லங்களின் குளியல் தொட்டிக்கு 44 டிகிரியைத்தான் மேல் வரம்பாக வைத்திருக்கிறார்கள். நம் கையால் தொட்டு "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்வதை நம்பக் கூடாது. நாள் முழுவதும் வேலை செய்யும் கை சூடு தாங்கிப் பழகியது.

ஆக, தானாக உட்கார்ந்து எழ முடிகிறவருக்கு, கை வேலை செய்கிறவருக்கு வாளிக் குளியலை மாற்ற வேண்டியதில்லை. ஸ்டூலை மாற்றினால் போதும். கைப்பிடியும் முதுகும் உள்ள நாற்காலியைப் போட்டு, வாளியை ஒரு பலகைமேல் ஏற்றி இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

நாற்காலியும் கைஷவரும்

சக்கரம் வைத்த, நடுவில் ஓட்டை உள்ள குளியல் நாற்காலிதான் இன்று எங்கள் இல்லத்தில் அதிகம் பயன்படுவது. கட்டிலிலிருந்து ஒரே தடவை மாற்றி உட்கார வைத்தால் கழிப்பறை, குளியல் இரண்டும் அதிலேயே முடிந்துவிடும். ஒவ்வொரு முறை தூக்கி மாற்றும்போதும் விழும் ஆபத்து இருப்பதால் இது பெரிய வசதி. ஓட்டை வழியாகக் கீழ்ப்பகுதியை நன்றாகக் கழுவலாம். அவரை எழுந்து நிற்கச் சொல்ல வேண்டியதே இல்லை. பராமரிப்பாளரின் இடுப்புக்கும் நல்லது. இந்த வேலையை விட்டுப் போகிறவர்களில் பாதிப் பேர் இடுப்பு வலியால்தான் போகிறார்கள் என்பது என் அனுபவம்.

கைஷவரில் ஒரு பழக்கம் தேவை. தண்ணீரைத் திறந்து சூடு பார்த்த பிறகும் நேரே உடம்பில் காட்டக் கூடாது. முதலில் பாதம், பிறகு முழங்கால், தொடை, கை, தோள். தலையில் கடைசியாக, அல்லது அன்று தலைக்கே இல்லை. மறதி நோய் உள்ளவருக்கு முகத்தில் திடீரென்று தண்ணீர் பட்டால் மூச்சு முட்டுவது போல இருக்கும். யாரோ தன்னை மூழ்கடிப்பதாக நினைத்து அடிப்பார், கடிப்பார். அவரைக் கோபக்காரர் என்று பெயர் வைப்பது அநியாயம். வேகமாக வரும் சிறு சிறு நீர்த்தாரை மெல்லிய தோலில் ஊசி குத்துவது போலவும் இருக்கும். நான் ஷவரின்மேல் ஒரு ஈரிழைத் துண்டைச் சுற்றிவிடுவேன், அல்லது உடம்பில் துண்டைப் போர்த்தி அதன்மேல் தண்ணீர் விடுவேன். தண்ணீர் மெதுவாக ஊறி இறங்கும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். எங்கள் பாட்டிகளில் பலர் வாழ்நாளில் முழு நிர்வாணமாகக் குளித்ததே இல்லை. பாவாடையை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் குளித்தவர்கள். கல்யாணமாகி 60 வருடம் கணவரோடு வாழ்ந்தவர்களும் அப்படித்தான் குளித்திருக்கிறார்கள். அவர்களை வெள்ளை விளக்கின் கீழே, ஒரு இளம்பெண் பார்த்துக்கொண்டிருக்க, உடை எதுவும் இல்லாமல் உட்கார வைத்தால் அது எவ்வளவு பெரிய அவமானமாக இருக்கும்? நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழைய இல்லம் ஒன்றில், ஒரு பாட்டி குளியல் முழுக்க இரண்டு கைகளாலும் மார்பை மூடிக்கொண்டே இருந்தார். "கையை எடுங்க பாட்டி, சோப்பு போடணும்" என்று நாங்கள் கையை விலக்கினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அழுதார். தண்ணீரோடு தண்ணீராக அது எங்களுக்குத் தெரியவே இல்லை. துவட்டிய பிறகும் கண்ணிலிருந்து வந்துகொண்டிருந்தபோதுதான் தெரிந்தது.

இப்போது எங்களிடம் குளிப்பதற்கென்றே பழைய பருத்திப் பாவாடைகள் ஒரு கூடை நிறைய இருக்கின்றன. மார்பு வரை ஏற்றிக் கட்டி உட்கார வைக்கிறோம். பாவாடைக்கு உள்ளே கைவிட்டுச் சோப்புப் போடலாம், மேலேயே தண்ணீர் ஊற்றலாம். குளித்து முடித்ததும் உலர்ந்த துண்டை மேலே போர்த்திவிட்டு ஈரப் பாவாடையைக் கீழே உருவிவிட வேண்டும். ஒரு துணி கூடுதலாகத் துவைக்க வேண்டும், அவ்வளவுதான் செலவு. ஆண்களுக்கு ஒரு துண்டு அல்லது கோவணம். ஆண்களை ஆணும் பெண்களைப் பெண்ணும்தான் குளிப்பாட்ட வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஆண் பராமரிப்பாளர் கிடைப்பது கஷ்டம், சம்பளமும் கூட. அன்று ஆள் வரவில்லையென்றால் தாத்தாக்களின் முழுக் குளியலை மறுநாளுக்குத் தள்ளி வைப்பேன்.

நாற்காலியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். குளியலறை வாசற்படி, குறுகலான கதவு, தரையின் சரிவு எல்லாம் சரியாக இருந்தால்தான் அது உதவும். சக்கரப் பூட்டைப் போட மறந்தால் ஸ்டூலைவிட ஆபத்து. எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீருக்கு மட்டமான இரும்பு நாற்காலி ஒரே வருடத்தில் துருவேறிக் காலைக் கிழிக்கும். அலுமினியமோ துருப்பிடிக்காத எஃகோ வாங்குவது நல்லது. முதுகு நிமிர்ந்து 10 நிமிடம் உட்கார முடியாதவருக்கு இந்த வழியே வேண்டாம்.

படுக்கையில் துடைப்பது

இடுப்பு எலும்பு முறிந்தவர், உட்கார வைத்தால் இரத்த அழுத்தம் இறங்கிவிடுகிறவர், கடைசி நாட்களில் இருப்பவர் ஆகியோருக்கு இதுதான் வழி. ஆஸ்பத்திரிகளில் ஸ்பாஞ்ச் பாத் என்பார்கள். இரண்டு பாத்திரம் வெந்நீர், ஒன்று சோப்புக்கு, ஒன்று அலசித் துடைக்க. ஒரு நேரத்தில் ஒரு உறுப்பை மட்டும் திறந்து, துடைத்து, ஒற்றி, மூடிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். ஒழுங்காகச் செய்தால் எங்களுக்கு இரண்டு ஆள், முக்கால் மணி நேரம் ஆகிறது. அவசரத்தில் செய்யும்போது இரண்டு தவறு நடக்கும். தண்ணீர் ஆறிவிடும், யாரும் மாற்ற மாட்டார்கள். சோப்பு முழுதாக அலசப்படாமல் தோலிலேயே காயும், அரிப்பு தொடங்கும்.

இதன் ஒரு பெரிய நன்மை, உடம்பு முழுவதையும் கண்ணால் பார்க்க முடிவது. முதுகின் அடிப்பகுதி, இடுப்பெலும்பு, குதிகால், காதின் பின்புறம் ஆகிய இடங்களில் சிவந்திருந்து, விரலால் அழுத்தி எடுத்தபின்னும் சிவப்பு மறையாவிட்டால் படுக்கைப் புண் தொடங்குகிறது என்று அர்த்தம். கருத்த தோலில் சிவப்புத் தெரியாது. தொட்டால் சுற்றியிருக்கும் இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். அந்த இடத்தைத் தேய்த்துவிடவே கூடாது. முன்பெல்லாம் ஸ்பிரிட் போட்டுத் தேய்ப்பார்கள். அது கெடுதல் என்று இப்போது தெளிவாகத் தெரியும்.

டவல் பாத்

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. நம் பக்கத்தில் அதிகம் பேருக்குத் தெரியாது என்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் எங்களிடம் ஒரு பாட்டி வந்தார். மறதி நோய். குளியலறைக் கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "என்னையக் கொல்லப் பாக்கறாங்க, அம்மிணி, வுட்ருங்க" என்று கத்துவார். உள்ளே இழுக்க இரண்டு பேர், ஊற்ற ஒருவர். முடிந்ததும் அவருடைய மணிக்கட்டில் எங்கள் விரல் தடம் நீலமாக இருக்கும், எங்கள் கையில் அவருடைய நகக் கீறல். வாரத்துக்கு மூன்று நாள் இப்படி. சுத்தமாக இருந்தார் என்பது உண்மைதான். ஆனால் குளியல் நாட்களில் மதியம் வரைக்கும் யார் பக்கத்தில் போனாலும் நடுங்குவார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு அமெரிக்க ஆய்வைப் பற்றி எங்கள் மருத்துவர் சொன்னார். 2004இல் வெளிவந்தது. ஒரேகான், வட கரோலினா மாநிலங்களில் 15 பராமரிப்பு இல்லங்களில், குளிப்பாட்டும்போது முரண்டு பிடிக்கும் மறதி நோயாளிகள் 69 பேரை வைத்துப் பார்த்தது. அவரவர் விருப்பத்தைக் கேட்டு, பயப்படுத்தாமல் ஷவரில் குளிப்பாட்டியபோது அடிப்பது, கத்துவது போன்ற சம்பவங்கள் 53 சதவீதம் குறைந்தன. டவல் பாத்தில் 60 சதவீதம் குறைந்தன. உடல் வேதனை டவல் பாத்தில்தான் இன்னும் குறைவு. தோலில் கெட்ட கிருமிகள் பெருகவில்லை, தோலும் கெடவில்லை. விருப்பம் கேட்டு ஷவரில் குளிப்பாட்டியதற்குச் சராசரியாக 3.3 நிமிடம்தான் கூடுதலாக ஆனது. டவல் பாத்துக்கு அதுவும் இல்லை. "நேரம் இல்லை" என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது இந்த மூன்று நிமிடத்துக்காகத்தானா என்று எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

செய்முறை இதுதான். ஆளையே மூடும் அளவுக்குப் பெரிய டர்க்கி டவலை மடித்துச் சுருட்டி, கனமான பிளாஸ்டிக் பையில் போடுகிறோம். அலசத் தேவையில்லாத குளியல் திரவம் கொஞ்சம் கலந்த வெந்நீர் சுமார் 2 லிட்டர் ஊற்றி, பையோடு பிசைந்து, அதிகத் தண்ணீரைப் பிழிந்து விடுகிறோம். முதலில் நான் எட்டு முழ வேட்டியில் முயன்றேன். மெல்லிய துணி, இரண்டு நிமிடத்தில் ஆறிவிட்டது. சூட்டைப் பிடித்து வைக்க டர்க்கி டவல்தான் சரி. பாட்டி கட்டிலில் படுத்திருப்பார், மேலே போர்வை இருக்கும். உள்மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, போர்வையைக் கழுத்திலிருந்து கீழே இறக்க இறக்க, ஈர டவலை அதன் இடத்தில் விரித்துக்கொண்டே போக வேண்டும். ஒரு கணம்கூட உடம்பு திறந்திருக்காது. டவல்மேல் இன்னொரு போர்வை. பிறகு டவலின் மேலாகவே தோள், கை, நெஞ்சு, கால் என்று மெதுவாக அழுத்தி நீவுகிறோம். முகத்துக்குத் தனியாக ஒரு சிறு துண்டை அவர் கையிலேயே கொடுத்துவிடுவோம். முதுகுக்கு ஒரு பக்கம் திருப்பி, பையில் மிச்சம் வைத்த சிறிய துண்டு. கீழ்ப்பகுதிக்குக் கையுறை போட்டு, தனித் துண்டுகள். பெண்களுக்கு எப்போதும் முன்னிருந்து பின்னாகத்தான் துடைக்க வேண்டும். மாற்றித் துடைத்தால் மலக் கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போய்ச் சேரும்.

அந்தப் பாட்டிக்கு முதல் தடவை செய்தபோது, டவலை நெஞ்சில் விரித்ததும் கத்துவார் என்று எதிர்பார்த்துக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவர் கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் கழித்து, "கதகதன்னு இருக்குது கண்ணு" என்றார்.

இதற்கும் எல்லை உண்டு. மலம் அதிகமாகப் பூசிக்கொண்டவரை இதில் சுத்தப்படுத்த முடியாது, கைஷவர்தான் வேண்டும். மார்புக்கு அடியில், தொடை இடுக்கில் படர்தாமரை இருந்தால் அந்த மடிப்புகளைத் தனியாகக் கழுவி நன்றாக உலர்த்த வேண்டும். தலைமுடிக்கும் தனி ஏற்பாடு வேண்டும். அப்புறம், தண்ணீர் ஊற்றினால்தான் குளியல் என்று நினைக்கும் தெளிவான மனதுள்ளவர்களுக்கு இது குளியலே ஆகாது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், "ஈரத் துணியில பொதிஞ்சு வைக்க நான் என்ன வெத்தலையா?" என்று கேட்டுவிட்டார். அவருக்கு நாற்காலிதான்.

கடையில் வாங்கும் ஈரத் துடைப்பான்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நள்ளிரவில் டயப்பர் மாற்றும்போது, பயணத்தில், தண்ணீர் லாரி வராத நாளில் கைகொடுக்கும். வாசனையும் ஆல்கஹாலும் இல்லாததாகப் பார்த்து வாங்க வேண்டும். குளியலுக்குப் பதிலாக அதையே வாரக்கணக்கில் நம்பியிருக்கும் இல்லத்தில் என் அம்மாவைச் சேர்க்க மாட்டேன்.

தினமுமா, ஒரு நாள் விட்டு ஒரு நாளா

பிள்ளைகளின் முதல் கேள்விக்கு இங்கே வருகிறேன். வயதான தோலில் எண்ணெய்ப் பசை குறைவு. தினமும் வெந்நீரும் காரமான சோப்பும் பட்டால் வறண்டு, செதில் செதிலாக உரிந்து, இரவெல்லாம் சொறிந்து, சொறிந்த இடம் புண்ணாகும். அதனால் முழுக் குளியல் வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள் என்பதுதான் என் தேர்வு. ஆனால் நான்கு இடத்தை ஒருநாளும் விடுவதில்லை: முகமும் வாயும், இரண்டு கக்கம், தொடை இடுக்கும் பின்புறமும், பாதம். டயப்பர் போடுகிறவருக்குக் கீழ்ப்பகுதியை ஒவ்வொரு மாற்றத்தின்போதும் சுத்தம் செய்து, துத்தநாக ஆக்சைடு களிம்பை மெல்லிதாகப் பூச வேண்டும். பாதத்தைக் கழுவியதும் விரல் இடுக்குகளில் ஈரமில்லாமல் ஒற்ற வேண்டும். அங்கே மட்டும் எண்ணெயோ கிரீமோ வேண்டாம்.

குளிக்காவிட்டால் சாமி கும்பிட முடியாது, சாப்பாடு இறங்காது என்பவர்களுக்கு இந்தக் கணக்கை நான் திணிப்பதில்லை. அவர்கள் தினமும் குளிக்கட்டும். தண்ணீர் வெதுவெதுப்பாக, 5 நிமிடத்துக்குள், சோப்பு அந்த நான்கு இடங்களுக்கு மட்டும், துவட்டிய ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தடவினால் தினக் குளியலும் தாங்கும்.

எந்த நேரம் என்பதில்தான் நான் இல்லங்களோடு சண்டை போடுவேன். பல இடங்களில் இரவு ஷிப்ட் முடிவதற்குள் எல்லாரையும் குளிப்பாட்டி வைக்க வேண்டும் என்று அதிகாலை 4 மணிக்கே தொடங்கிவிடுகிறார்கள். நான் முன்பு வேலை பார்த்த இடத்திலும் அப்படித்தான். மார்கழிக் குளிரில் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டு, ஈரத் தலையோடு வரிசையில் உட்கார்ந்திருந்த முகங்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இங்கே காலை 10 முதல் 12 வரைதான் பெரும்பாலான குளியல். சிற்றுண்டி முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், வெயில் ஏறியிருக்கும், அறை சூடாக இருக்கும். சாப்பிட்ட உடனே குளிப்பாட்டினால் சிலருக்கு இரத்த அழுத்தம் இறங்கும். நடுக்குவாதம் உள்ளவருக்கு மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து, உடம்பு இளகியிருக்கும் நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். மறதி நோயாளிகள் பலருக்குப் பொழுது சாயும்போது குழப்பம் கூடும், ஆகவே மாலைக் குளியல் அவர்களுக்கு வேண்டாம். வாழ்நாள் முழுக்கத் தோட்ட வேலை முடிந்து சாயங்காலம்தான் குளித்தேன் என்கிற ஒரு தாத்தா மட்டும் எங்களிடம் 5 மணிக்குக் குளிக்கிறார். அவருக்கு அதுதான் பொருந்துகிறது.

பக்கவாதம் வந்தவருக்கு ஒரு விஷயம்: சட்டையைக் கழற்றும்போது நல்ல கையிலிருந்து, போடும்போது விழுந்துபோன கையிலிருந்து. இதை மாற்றிச் செய்தால் தோள் மூட்டு வலியில் துடிப்பார்கள்.

சோப்பு, எண்ணெய், பல்

சாதாரணச் சோப்புக் கட்டி காரத்தன்மை உள்ளது. நம் தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது. காரம் குறைந்த திரவ சோப்பு விலை கூட என்றாலும் கொஞ்சமாகத்தான் செலவாகும். பாசிப்பயற்று மாவு மணமாக இருக்கும், ஆனால் மடிப்புகளில் தங்கிவிடும், கைகால்களோடு நிறுத்திக்கொள்ளலாம். பவுடர் நம் ஊரில் எல்லாருக்கும் ஆசை. கழுத்தில் லேசாகப் பூசிவிட்டால் பாட்டிகள் முகம் மலரும், அதை நான் தடுப்பதில்லை. மார்புக்கு அடியிலும் தொடை இடுக்கிலும் மட்டும் வேண்டாம். வியர்வையோடு சேர்ந்து உருண்டு தோலை அறுக்கும்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை நிறுத்திவிடுங்கள் என்று சொல்லும் மருத்துவர்கள் உண்டு. வழுக்கும் என்பதுதான் காரணம், அது சரிதான். நாங்கள் நடுவழி ஒன்று வைத்திருக்கிறோம். கட்டிலில் உட்கார வைத்து நல்லெண்ணெயை உச்சந்தலையில் மட்டும் வைத்துத் தேய்ப்போம். உள்ளங்காலில் துளிகூடக் கிடையாது. அரை மணி நேரம் கழித்து, கழுத்துக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, தலையைக் கட்டில் ஓரத்துக்குக் கொண்டுவந்து, கீழே வாளி வைத்துத் தலையை மட்டும் அலசிவிடுவோம். அரப்பு போட்டால் கண்ணில் ஈரத்துணி கட்டிவிட வேண்டும்.

குளியலுக்கு இவ்வளவு கவலைப்படும் குடும்பங்கள் வாயைப் பற்றிக் கேட்பதே இல்லை என்பது என் நெடுநாள் வருத்தம். ஜப்பானில் 11 பராமரிப்பு இல்லங்களில் இரண்டு வருடம் நடந்த ஆய்வில், ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் பல் துலக்கிவிடப்பட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. அப்படிச் செய்யப்படாதவர்களில் 19 சதவீதம் பேருக்கு வந்தது. வாயில் சேரும் கிருமி எச்சிலோடு நுரையீரலுக்கு இறங்குவதுதான் காரணம். பல் ஒன்றுகூட இல்லாதவருக்கும் ஈறையும் நாக்கையும் துடைத்துவிட வேண்டும். பல்செட்டை இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். ஆள் குறைவாக இருக்கும் நாளில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், நான் குளியலை விட்டுவிட்டு வாயைச் சுத்தம் செய்வேன்.

ஒரு அட்டை

எங்கள் இல்லத்தில் ஒவ்வொருவர் அலமாரிக் கதவின் உள்பக்கமும் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது. புதிதாகச் சேர்பவரிடமும் பிள்ளைகளிடமும் முதல் வாரத்திலேயே கேட்டு எழுதுவது. வீட்டில் எப்போது குளிப்பார், நின்றா உட்கார்ந்தா, எந்தச் சோப்பு, தலைக்கு எந்தக் கிழமை, எதற்குப் பயப்படுவார், குளித்ததும் என்ன கேட்பார். லீவு போட்டவருக்குப் பதிலாக வருபவர் அதைப் படித்த பிறகுதான் துண்டை எடுக்க வேண்டும்.

குளியலறைக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கத்திய அந்தப் பாட்டியின் அட்டையில் இப்படி இருக்கிறது: செவ்வாய், சனி. 11 மணி. டவல் பாத், படுக்கையில். குளியலறைக்குக் கூப்பிட வேண்டாம். முகத்தை அவரே துடைப்பார். தலை தனியாக, சனிக்கிழமை. முடிந்ததும் திருநீறு, பிறகு காபி.

போன மாதம் சனிக்கிழமை தலையை அலசிக்கொண்டிருந்தபோது அவர் கையை நீட்டினார். என்ன வேண்டும் என்று புரியவில்லை. சொம்பைப் பார்த்தார். கொடுத்தேன். கட்டிலில் சாய்ந்தபடியே அதை வாங்கி, நடுங்கும் கையால், தன் தலையில் தானே மூன்று சொம்பு ஊற்றிக்கொண்டார். படுக்கை நனைந்தது, மாற்றிக்கொண்டோம். அட்டையில் அன்றைக்கே ஒரு வரி சேர்த்து எழுதினேன்: சொம்பைக் கேட்டால் கொடுக்கவும்.